நான்கு குரல்களில் ஒரு கதை



இன்று பட்டம் பெறும் இலக்கிய மாணவர்களே, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் உங்களில் இருக்கலாம். ஒருமுறையும் திறந்து பார்க்காதவர்களும் இருக்கலாம். இரு சாராரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அவற்றுள் மாற்கு எழுதியதை ஒரு கதையாக, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படியுங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

ஐந்தாம் அதிகாரத்தில், ஜெபக்கூடத் தலைவர் யவீரு சாகக்கிடக்கும் மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். இயேசு உடனே புறப்படுகிறார். வழியில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் துன்புறும் ஒரு பெண் கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்டு, அவள் சொல்வதை முழுவதும் கேட்கிறார். அதற்குள் சிறுமி இறந்த செய்தி வருகிறது. சிறுமி பிழைத்தெழுந்த பிறகே அவள் வயதும் 12 என்று மாற்கு சொல்கிறார். ஊர்ப்பெரியவர் காத்திருக்க, பெயரற்ற பெண்ணுக்காகக் கதை நிற்கிறது. இதற்கு மாற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. யவீருவோடு நம்மையும் நடுவழியில் தவிக்கவைத்து உணர்த்திவிடுகிறார்.

நாஜி ஆட்சியில் பேராசிரியர் பதவியை இழந்து இஸ்தான்புல்லில் தஞ்சம் புகுந்த யூத அறிஞர் எரிக் அவர்பாக். அங்கே அவர் எழுதிய ‘மைமெசிஸ்’ என்ற நூல் 1946இல் வெளிவந்தது. மாற்கில் சீடர் பேதுரு இயேசுவை மறுதலிக்கும் காட்சியை அதில் ஆராய்கிறார். கிரேக்க, ரோமானிய இலக்கியத்தில் எளிய மக்களின் அன்றாட வாழ்வு பெரும்பாலும் நகைச்சுவைக்கே உரியதாக இருந்தது. இங்கோ, தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காயும் ஒரு மீனவர் பணிப்பெண்ணின் சொல்லுக்கு அஞ்சி, பொய் சொல்லி, பிறகு உடைந்து அழுகிறார். அந்த வீழ்ச்சி முழுக் கனத்தோடு சொல்லப்படுகிறது.

சிலுவையில் இயேசு பேசும் கடைசி வார்த்தைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்கிலும் மத்தேயுவிலும் கைவிடப்பட்டவரின் கதறல் கேட்கிறது. லூக்காவில் அவர் தம் உயிரைத் தந்தையிடம் ஒப்படைக்கிறார். யோவானில் எடுத்த பணி முடிந்தது என்று அறிவிக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்ற எழுத்தாளர் நான்கு நற்செய்திகளையும் பின்னி ஒரே கதையாக்கினார். சிரியத் திருச்சபையில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. இருந்தும், நான்கும் தனித்தனியாக நிற்பதையே திருச்சபை இறுதியில் ஏற்றது. துயரமும் அமைதியும் நிறைவும் ஒன்றையொன்று அழிக்காமல் நமக்குக் கிடைத்தது அந்த முடிவால்தான்.

இலக்கியமாகப் படித்தால் நம்பிக்கை தேயும் என்று அஞ்ச வேண்டாம். கூர்ந்து படிப்பதும் ஒரு மரியாதையே.

மாணவர்களே, நாளை நீங்கள் ஆசிரியராகலாம், செய்தியாளராகலாம், வழக்கறிஞராகலாம். ஒரே நிகழ்வை நால்வர் நான்கு விதமாக உங்களிடம் சொல்வார்கள். அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கவனியுங்கள். பெயரில்லாதவர் பேச வரும்போது நின்று கேளுங்கள். நீங்கள் பெறும் பட்டத்துக்கு அதுவே பெருமை.