புறப்படும் நாள் குறித்தபின்

வேற்று மாநிலங்களில் அலுவல் பார்த்து வாழும் நமக்கு, ஊர் திரும்பும் நாள் குறிக்கப்பட்டபின் வரும் வாரங்களின் இயல்பு நன்கு தெரியும். மாற்றல் உத்தரவு வந்துவிட்டால், கை மேசைமீது இருக்கும். மனமோ அதற்குள் ரயிலேறிவிடும். இனி எதைத் தொடங்கி என்ன பயன் என்று தோன்றும். சமயப் பணிக்காகக் கடல் கடந்து சென்ற ஒருவர் அத்தகைய வாரங்களை எவ்வாறு கழித்தார் என்பதை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

சுவாமி விவேகானந்தர் பம்பாயில் கப்பலேறியது 1893-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள். அப்பயணத்துக்காகச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்னும் ஆசிரியர். அதன்பின் நிகழ்ந்த சிகாகோ மாநாட்டைப் பற்றி நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். 1896-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் லண்டனில் கழித்த நாட்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் அளசிங்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். டிசம்பர் 16-இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்படுவதாகவும், இத்தாலியில் கப்பலேறி இலங்கை வழியாகச் சென்னைக்கு வருவதாகவும் அதில் தெரிவித்தார். அக்கடிதத்துக்கு முந்திய பத்து நாட்களில் அவர் செய்தது என்ன? நவம்பர் 10, 12, 17, 18 ஆகிய நாட்களில் நடைமுறை வேதாந்தம் பற்றி நான்கு சொற்பொழிவுகள் ஆற்றியிருந்தார். முன்னர்ப் பேசியவற்றையே திரும்பப் பேசி நாளைக் கடத்தியிருக்கலாம். கேட்பவர் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, குகையில் தவம் செய்பவனுக்கு உரியதென்று கருதப்பட்ட அத்வைதம், சந்தடி மிக்க நகரத்தில் உழைத்து வாழ்பவனுக்கு எவ்வாறு உதவும் என்ற கடினமான கேள்வியைக் கையிலெடுத்தார். எழுதி வைத்துப் படிப்பது அவர் வழக்கமன்று. குட்வின் என்னும் ஆங்கில இளைஞர் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டதனாலேயே அவ்வுரைகள் நமக்குக் கிடைத்தன. அந்தக் குட்வின் பின்னர் அவருடன் இந்தியாவுக்கு வந்து, 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் உதகமண்டலத்தில் உயிர் நீத்தார்.

எனினும், அவ்வாரங்களின் மிக அரிய வேலை சொற்பொழிவன்று என்பதே நமது கருத்து. ஒருவருடைய குரலை நம்பி எழுந்த பணி, அக்குரல் கப்பலேறியதும் நின்றுபோகக் கூடும். அதற்காகவே தம் சகோதரத் துறவியான அபேதானந்தரை இந்தியாவிலிருந்து வரவழைத்திருந்தார். வந்தவரோ அதுவரை பொது மேடையில் பேசியறியாதவர். அக்டோபர் 27-ஆம் நாள் லண்டன் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் நிகழ்ந்த கூட்டத்தில் அவரைப் பேச நிறுத்திவிட்டு, விவேகானந்தர் கேட்போர் வரிசையில் அமர்ந்தார். தாம் பேசினால் கூட்டம் மகிழும் என்பதை நன்கு அறிந்த ஒருவர் வாய் மூடி அமர்ந்திருப்பது எளிதா? நம் சங்கங்களில் தலைமைப் பதவியை விட்டிறங்க வேண்டியவர்களைக் கேட்டால் தெரியும்! அன்று அபேதானந்தர் நன்றாகவே பேசினார். விவேகானந்தரும் பெருமகிழ்ச்சி கொண்டார்.

நாம் முன்னே குறிப்பிட்ட கடிதத்திலும் விடைபெறும் சோர்வைக் காணோம். கல்கத்தாவிலும் சென்னையிலும் இளம் துறவிகளைப் பயிற்றும் நிலையங்கள் வேண்டும், இமயச் சாரலில் மற்றொன்று வேண்டும் என்று திட்டங்களே நிறைந்திருக்கின்றன. கல்கத்தாவுக்குப் பணம் இருக்கிறது. சென்னைக்கு இந்தியாவில்தான் திரட்ட வேண்டும் என்ற கணக்கும் உண்டு.

டிசம்பர் 13-ஆம் நாள் பிக்காடிலியில் அவருக்கு விடையளிப்புக் கூட்டம் நடைபெற்றது. மூன்று நாள் கழித்து அவர் புறப்பட்டார். லண்டன் வகுப்புகளை அபேதானந்தர் தொடர்ந்து நடத்தினார். 1897-இல் அங்கிருந்து நியூயார்க் சென்று, 1921 வரை அமெரிக்காவில் பணியாற்றினார்.