லேப்டாப்ல ஓடுது, போர்டுல ஓடல: ஓசூர்ல கத்துக்கிட்ட கிராஸ் கம்பைல் பாடம்

ஓசூர் டீக்கடையில பத்து நிமிஷம் நின்னா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதுல விழும். கடைக்காரர் இருக்குறது தமிழ்நாட்டுல. அத்திப்பள்ளி பக்கமிருந்து ஆள் வந்தா கன்னடத்துல பேசுவார். கிராஸ் கம்பைலேஷனும் அப்படித்தான். கம்பைலர் ஓடுறது உங்க லேப்டாப்ல. எழுதித் தர்றது வேற சிப்போட பாஷையில.

சிப்காட்ல ஒரு சின்ன யூனிட். பிரஸ் மெஷின் எத்தனை பீஸ் அடிக்குதுன்னு எண்ணுற சி புரோகிராம் நான் எழுதினேன். மெஷின்ல இருந்தது டெபியன் 11 ஓடுற 64 பிட் ஆர்ம் போர்டு. என் லேப்டாப் இன்டெல், உபுண்டு 22.04. போர்டுலயே கம்பைல் பண்ணலாமேன்னு கேட்பீங்க. புரொடக்‌ஷன்ல இருக்குற போர்டுல புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. எனக்குக் கிடைச்சது சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்.

முதல் தடவை, அவசரத்துல சாதாரண ஜிசிசியில கம்பைல் பண்ணதையே காப்பி பண்ணிட்டேன். ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’. இன்டெல் பைனரி ஆர்ம் சிப்புக்குப் புரியாது. சரின்னு ஆர்ம் 64க்கான ஜிசிசியில கம்பைல் பண்ணேன். இப்போ வேற எரர்: ‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’. சைரன் அடிச்சிடுச்சு. சூப்பர்வைசர் அண்ணன், “நாளைக்குப் பார்க்கலாம் தம்பி”ன்னார்.

காரணம் இதுதான். உபுண்டு 22.04ல ஜிலிப்சி 2.35, டெபியன் 11ல 2.31. 2021ல வந்த 2.34ல, புரோகிராமைத் தொடங்கி வைக்கிற ஃபங்ஷனுக்கே புது வெர்ஷன் போட்டாங்க. அதனால அதுக்கு அப்புறம் வந்த சிஸ்டத்துல லிங்க் பண்ணா, வெறும் ‘ஹலோ வேர்ல்டு’கூட பழைய சிஸ்டத்துல ஓடாது. பழைய சிஸ்டத்துல லிங்க் பண்ணது புதுசுல பெரும்பாலும் ஓடிடும்.

அன்னைக்கு ராத்திரி டாக்கர்ல டெபியன் 11 கன்டெய்னர் எடுத்து, அதுக்குள்ள ஆர்ம் 64 கிராஸ் கம்பைலரைப் போட்டு கம்பைல் பண்ணேன். மறுநாள் முதல் ரன்லயே கவுன்ட் வந்துடுச்சு. போர்டோட லைப்ரரி, ஹெடர் ஃபைல்களைக் காப்பி பண்ணி ‘சிஸ்ரூட்’டா காட்டுறதும் இன்னொரு வழி.

அதனால, கம்பைல் பண்றதுக்கு முன்னாடி போர்டுகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, அதோட ஆர்க்கிடெக்சர் என்ன? ‘யூநேம்’ சொல்றதை மட்டும் நம்பாதீங்க. அது கெர்னலைத்தான் சொல்லும். கெர்னல் 64 பிட்டா இருந்து, மத்ததெல்லாம் 32 பிட்டா இருக்குற போர்டும் உண்டு. டெபியன்ல ‘டிபேக்கேஜ்’ கமாண்டைக் கேட்டா சரியா சொல்லும். ரெண்டாவது, ஜிலிப்சி எந்த வெர்ஷன்? ‘எல்டிடி’ சொல்லிடும்.

ரெண்டு நிமிஷ வேலைதான். நான் அதைச் செய்யாததால ஒரு நாள் போச்சு.