கையொப்பம் இடுமுன்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நான் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் சற்றுத் தயங்கினார். "படத்தில் தொடங்கினாலும் நம் காலனியில் வந்து முடிப்பேன்" என்று வாக்களித்த பிறகே இசைந்தார். அவ்வாக்கைக் காப்பாற்ற முயல்வேன்.

பிழைப்பை நாடி வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக்கும், போடிமெட்டு ஏறித் தேவிகுளம், உடும்பன்சோலைப் பகுதிகளுக்கும் வந்த குடும்பங்கள் நாம். உழைக்கும் இடம் ஒன்று. நோய் முற்றினால் ஓடும் இடம் வேறு. பாலக்காட்டில் இருப்போர் கோவைக்கு ஓடுகிறோம். குமுளி, வண்டிப்பெரியாற்றில் இருப்போர் மலையிறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்கிறோம். மூணாற்றில் இருப்போர் கோதமங்கலத்துக்கும் கொச்சிக்கும் போகிறோம். எல்லையில் வாழ்பவனுக்கு மருத்துவமனை என்பது எப்போதும் அயலூர். அங்கே பேசும் மொழி பாதி புரியும். நீட்டும் தாள் முழுதும் புரியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நான் சொல்லப் போகும் இரண்டு படங்களைப் பாருங்கள்.

முதற்படம் 'டிராஃபிக்'. 2011-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த மலையாளப் படம். இயக்கியவர் ராஜேஷ் பிள்ளை. கொச்சியில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞனின் இதயத்தைப் பாலக்காட்டில் உயிருக்குப் போராடும் ஒரு சிறுமிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சாலை வழியே செல்லும் அந்த ஒரு வண்டியின் ஓட்டமே கதை. இதற்கு வித்திட்டது நம் சென்னையில் நிகழ்ந்த உண்மை நிகழ்ச்சி. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் இருவர் கொடையாக அளித்தனர். காவல்துறை வழியமைத்துக் கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவ்விதயம் சில நிமிடங்களில் சென்று சேர்ந்தது. பின்னர் இப்படமே 2013-இல் 'சென்னையில் ஒரு நாள்' என்று தமிழில் எடுக்கப்பட்டது. பார்த்தவர்கள் கண்ணீரோடு வெளியே வந்தனர். அது அச்சக் கண்ணீர் அன்று. மனிதன் இவ்வளவு உயர முடியுமா என்ற வியப்பின் கண்ணீர்.

இரண்டாவது படம் 'ஜோசப்'. 2018 நவம்பரில் வெளிவந்தது, இயக்கியவர் எம். பத்மகுமார். ஓய்வு பெற்ற காவலராக ஜோஜு ஜார்ஜ் நடித்தார். தேசிய விருதுக் குழுவினரின் சிறப்புப் பாராட்டையும் பெற்றார். விபத்தில் இறந்ததாக எண்ணியிருந்த தன் அன்புக்குரியவர்களின் சாவு விபத்தே அன்று என்பதை அக்காவலர் கண்டுபிடிக்கிறார். உறுப்புகளுக்காகவே தலையில் அடித்து மூளைச்சாவுக்கு ஆளாக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. கொடையாகப் பெற்ற உறுப்புகள் வரிசையில் காத்திருக்கும் ஏழைக்குச் செல்லாமல் விலைக்குப் போகின்றன. இதை மெய்ப்பிக்கத் தம் உடலையே சாட்சியாக வைத்து அவர் மடிகிறார். இப்படமும் 2022-இல் 'விசித்திரன்' என்று தமிழுக்கு வந்தது.

அன்பர்களே, இவ்வகைக் கதை நமக்குத்தான் புதிது. 1977-இல் இராபின் குக் என்ற அமெரிக்க மருத்துவர் 'கோமா' என்ற நாவலை எழுதினார். அறுவைக்குச் சென்ற நோயாளிகள் மீளா மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டு, அவர்களின் உறுப்புகள் விற்கப்படுவதே அதன் கதை. மறு ஆண்டே அதைப் படமாக்கிய மைக்கேல் கிரைட்டனும் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருத்துவமனையின் உள்ளறையை நன்கறிந்த இருவரே இந்த அச்சத்தை உலகத்துக்கு அளித்தனர் என்பது எண்ணத்தக்கது. நாம் மயங்கிக் கிடக்கும்போது நம் உடல் பிறர் கையில் இருக்கிறது. அந்தக் கை நம்பத்தக்கதா என்ற கேள்வி நியாயமான கேள்வியே. ஆகவே அப்படம் எடுத்தவர்களைக் குறை கூற நான் வரவில்லை.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வரிசையில் குடியிருந்த நண்பர் ஒருவர் சாலை விபத்தில் தலையில் அடிபட்டார். மூன்றாம் நாள் மருத்துவர் எங்களை அழைத்து, மூளைச்சாவு என்றார். உறுப்புக் கொடை பற்றியும் மெல்லக் கேட்டார். நண்பரின் மனைவி ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். அங்கிருந்தவர்களில் மலையாளம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "அண்ணா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அந்தக் கணத்தில் என் கண்முன் நின்றது மருத்துவர் அல்லர்; சில நாள்களுக்கு முன் நான் பார்த்திருந்த 'ஜோசப்'. "வேண்டாம்" என்று தலையசைத்தேன். அந்த மருத்துவரை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்தச் சோதனை செய்தீர்கள், யார் செய்தார்கள் என்று கேட்க எனக்குத் தெரியவும் இல்லை.

"வேண்டாம்" என்று சொன்னதற்காக நான் இன்று வருந்தவில்லை. அது அக்குடும்பத்தின் உரிமை. ஒன்றும் அறியாமல் சொன்னதற்காக வருந்துகிறேன். அன்று "சரி" என்று சொல்லியிருந்தாலும் அதுவும் அறியாமையின் சொல்லாகவே இருந்திருக்கும். அதன் பிறகே இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் இரண்டு செய்திகள் என்னைத் திடுக்கிட வைத்தன.

முதற்செய்தி இது. கேரள அரசு 2012-இல் 'மிருதசஞ்சீவனி' என்ற உறுப்புக் கொடைத் திட்டத்தைத் தொடங்கியது. 2015-இல் மூளைச்சாவு அடைந்தவர்களுள் 76 பேரின் குடும்பத்தார் கொடை அளித்தனர். 2016-இல் 72 பேர். 2017-இல் 18 பேர். 2018-இல் 8 பேர். எண்பதை எட்ட இருந்த எண்ணிக்கை எட்டாக இறங்கிவிட்டது! 'ஜோசப்' படமே கொடையைக் கெடுத்தது என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். படம் வெளிவந்தது 2018 நவம்பரில். வீழ்ச்சி வந்தது 2017-இல். மக்கள் மனத்தில் ஐயம் முன்பே குடிபுகுந்திருந்தது. படம் அதற்கு முகமும் குரலும் கொடுத்தது; அவ்வளவே.

அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2018 மே மாதம், பாலக்காட்டு எல்லைப்புறத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் தமிழ்நாட்டுச் சாலையில் விபத்துக்கு ஆளானார். தனியார் மருத்துவமனை ஒன்றில் மூளைச்சாவு அறிவிக்கப்பட்டு உறுப்புகள் எடுக்கப்பட்டன. சிகிச்சைக் கட்டணத்தைக் காட்டி எங்களை இசைய வைத்தார்கள் என்று உறவினர் முறையிட்டனர். கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் விசாரணை வேண்டித் தமிழக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குக் கடிதம் எழுதும் அளவுக்குச் செய்தி பெரிதாயிற்று. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அந்த முறையீட்டின் உட்பொருளைக் கவனியுங்கள். இருட்டறையில் யாரோ தலையில் அடித்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. கட்ட முடியாத கட்டணம், புரியாத தாள், அவசரத்தில் இட்ட கையொப்பம்: இவற்றைத்தான் சொன்னார்கள்.

இரண்டாவது செய்தி இதனோடு சேர்ந்தது. நம் நாட்டில் வெளிப்பட்ட உறுப்பு மோசடிகளுள் பெரும்பாலானவை இறந்தவரின் உடலைப் பற்றியவை அல்ல. உயிரோடிருக்கும் ஏழையின் சிறுநீரகத்தைப் பற்றியவை. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே இழிபெயர் ஏற்பட்டது. ஆழிப்பேரலையில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்ந்த பெண்கள் பலர் சிறுநீரகம் விற்ற செய்தி 2007-இல் நாட்டை உலுக்கியது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் கொடுத்த செய்தி வெளிவந்தது. 2024 மே மாதம் நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஒருவர் பிடிபட்டார். ஆசை காட்டி ஆட்களை ஈரானுக்கு அழைத்துச் சென்று உறுப்பு எடுக்கச் செய்தார் என்பது வழக்கு. அழைத்துச் செல்லப்பட்டோருள் பாலக்காட்டுக்காரரும் ஒருவர் என்று செய்தித்தாள்கள் எழுதின.

அன்பர்களே, சதி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா? திரைப்படம் நம் கண்ணை அறுவை அறையின் கதவில் நிறுத்திவிடுகிறது. தரகனோ நம் காலனி வாசலில் நிற்கிறான். அவன் முகமூடி அணிந்தவன் அல்லன். நம் மொழி பேசுகிறான். நம் ஊர்ப் பெயரைச் சொல்கிறான். வட்டிக் கடனை அடைத்துவிடலாம் என்கிறான். உறவினன் அல்லாதவனை உறவினன் என்று காட்டும் தாளில் கையொப்பம் கேட்கிறான். படத்தில் வரும் சதிக்குச் சுத்தியல் வேண்டும். நடப்பில் உள்ள சதிக்கு ஒரு பேனா போதும்.

ஆகவே காக்க வேண்டியது கையொப்பத்தை. அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது, 2011-இல் திருத்தப்பட்டது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் தரகு செய்வதும் குற்றம். தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. 20 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். விற்ற ஏழையும் சட்டத்தின் முன் குற்றவாளியே என்பதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது.

மூளைச்சாவு என்பது ஒரு மருத்துவர் தனியாகச் சொல்லிவிடக் கூடியது அன்று. நான்கு மருத்துவர்கள் கூடிச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவைச் சேர்ந்த எவரும் அந்நால்வரில் இருக்கக் கூடாது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை அசைகிறதா, செயற்கைச் சுவாசத்தைச் சற்றே நிறுத்தினால் தானாக மூச்சு எழுகிறதா என்று பார்ப்பார்கள். மயக்கநிலை வேறு, மூளைச்சாவு வேறு. மயங்கியவர் மீளக் கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது கருவியின் வேலை. உறவினர் இசைவு இல்லாமல் உறுப்பை எடுக்க இயலாது. விபத்து வழக்கானால் காவல்துறை அறியாமலும் எடுக்க இயலாது.

எனவே அந்த வராந்தாவில் நிற்கும் நாள் யாருக்கு வந்தாலும், ஐந்து கேள்விகளை மறவாமல் கேளுங்கள். இது மயக்கமா, மூளைச்சாவா? முதற்சோதனை எப்போது, இரண்டாவது சோதனை எப்போது? சான்றளித்த நால்வர் யார்? உறுப்பு யாருக்குச் செல்ல வேண்டும் என்பதை மாநிலத்தின் வரிசைப் பட்டியல் முடிவு செய்கிறதா? கட்டணத்துக்கும் எங்கள் இசைவுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பதே முறையான விடை. கொடைக்கான செலவு கொடுத்தவர் குடும்பத்தின் மேல் விழக் கூடாது. பணம் பாக்கி என்பதற்காக உடலைத் தடுத்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயம் கூறுகிறது.

நேர்மையான மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளமாட்டார். கேள்வி கேட்கப்பட்டால்தான் அவர் நேர்மையும் விளங்கும். விடைகள் மனத்துக்கு நிறைவளித்தால், கொடுப்பதா மறுப்பதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. கொடுக்க முடிவு செய்தால் அது பேரறம். தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை அளித்தவரின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடைபெறும் என்று 2023-இல் அரசு அறிவித்ததும் அதனால்தான். எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறது. அவ்வீடு நம் காலனியிலேயே இருக்கவும் கூடும்.

செயலாளருக்குக் கொடுத்த வாக்குப்படி காலனிக்கு வந்துவிட்டேன். சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே மலையாளமும் ஆங்கிலமும் நன்கு படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலர் வளர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேரைக் கொண்டு ஒரு துணைக்குழு அமையுங்கள். எந்தக் குடும்பம் மருத்துவமனைக்குச் சென்றாலும், இரவோ பகலோ, ஒருவர் உடன் செல்லட்டும். நீட்டப்படும் தாளை வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்லட்டும். முடிவு சொல்வது அவர் வேலை அன்று. புரியவைப்பதே அவர் வேலை. கடனுக்கு உறுப்புக் கேட்டு எவனாவது வாசலில் வந்து நின்றால், அச்செய்தி அன்றே சங்கத்துக்கு எட்டட்டும்.

அன்று ஒரு தங்கை என் முகத்தைப் பார்த்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு திரைப்படம்தான் இருந்தது. இனி நம்மில் எவர் முகத்தை எவர் பார்த்தாலும், அங்கே அறிந்த ஒருவர் நிற்க வேண்டும். அதற்காகவே இவ்வளவும் பேசினேன்.