விலைக்கு வாங்கிய ரிப்போர்ட்டுக்குப் பட்டமா?

(திருப்பூரில் கல்லூரி ஆசிரியர், மாணவர், பெற்றோர் கூடிய கூட்டத்தில் பேசியது)



பி.பி.ஏ. பட்டம் வாங்க என்னென்ன வேண்டும்? ஒவ்வொரு மே மாதமும் விண்ணப்பப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் கேட்கிற கேள்வி இது. இருபத்தேழு ஆண்டுகள் இந்தப் பாடம் நடத்தியவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பிளஸ் டூ தேர்ச்சி. மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி மேலாண்மைப் பாடங்கள், நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வியும் திறன் பாடங்களும், ஐந்தாம் பகுதியில் என்.எஸ்.எஸ். அல்லது என்.சி.சி. அல்லது விளையாட்டு. எல்லாம் சேர்த்து 140 கிரெடிட். வருகைப் பதிவு 75 விழுக்காடு, குறைந்தால் காண்டனேஷன் கட்டணம். இன்டர்னலுக்கு 25, எக்ஸ்டர்னலுக்கு 75, தேர்ச்சிக்கு 40. அரியர் இல்லாமல் முடித்தால் பட்டம் உங்கள் வீட்டுச் சுவரில்.

இந்தப் பட்டியலில் எந்த வரியாவது, "உங்கள் மகள் ஒரு கடையின் கணக்கைப் புரட்டிப் பார்த்து, அது ஓடுகிறதா, கடனில் இழுத்துக்கொண்டு போகிறதா என்று சொல்வாள்" என்று உங்களுக்கு உறுதி தருகிறதா? தரவில்லை. பட்டத்தின் பெயரோ வணிக நிர்வாகம். வணிகத்தையும் பார்க்காமல் நிர்வாகத்தையும் பார்க்காமல் அந்தப் பெயரைச் சான்றிதழில் அச்சடித்துக் கொடுக்கிறோம். அதை எதிர்த்துத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

பயிற்சி இருக்கிறதே, பிராஜெக்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 120 கிரெடிட். அதில் கோடைக்காலப் பயிற்சிக்கு 2 முதல் 4. நம் மாநில மாதிரிப் பாடத்திட்டமும் பயிற்சிக்கு 2 என்றுதான் வைத்திருக்கிறது. நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று மூன்று வருடம் கரும்பலகையில் குளத்தை வரைந்து காட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு நாள் கால் நனைக்க விடுகிற கதை இது.

அந்த ஒரு நாளாவது உண்மையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் ஆசிரியர்களே!

ஒரு வாய்மொழித் தேர்வு நாளைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். மேசை மேல் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருந்தன. கெட்டி அட்டை, தங்க எழுத்து. "வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு" என்ற தலைப்பில் மட்டும் ஏழு. ஏழையும் புரட்டினேன். ஏழிலும் 100 பேரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள், ஏழிலும் அந்த 100 பேரில் 62 பேர் ஆண்கள், ஏழிலும் கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனைக்கு ஒரே விடை. ஒன்றில் மட்டும் உள்பக்கத்தில் வேறொரு ஊரின், வேறொரு கம்பெனியின் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். அந்த மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பையன் பொய் சொல்லவில்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில வாங்கினேன் சார். பைண்டிங்கோட 1,500 ரூபா" என்றான். அவன் அப்பா பவர்டேபிள் தையல் யூனிட்டில் டைலர். அந்த 1,500 அவருக்கு இரண்டு நாள் கூலி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையெழுத்துப் போட்டேன். தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள், போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது. என் குற்றத்தை மறைத்துக்கொண்டு பிறர் குற்றம் பேச இங்கே வரவில்லை.

தோழர்களே, அந்தப் பையன் கம்பெனி தேடி எங்கே போயிருக்க வேண்டும்? அவன் அப்பா வேலை பார்க்கிற அதே பவர்டேபிள் யூனிட்டுக்குப் போயிருந்தால் போதுமே! இருபது மெஷின், ஒரு செக்கிங் டேபிள், ஒரு நோட்டுப் புத்தகம். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார் முதலாளி. சரக்கு போய்விட்டது, பில் போய்விட்டது, பணம் வரவில்லை. சனிக்கிழமை கூலி கொடுக்க வட்டிக்கு வாங்குகிறார். இந்த ஊரில் இதைப் பார்க்காத தெரு உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. கெடு தாண்டி நிலுவையில் வைத்த தொகையை, கொடுத்து முடிக்கிற வரைக்கும் வாங்கியவர் தன் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. உத்யம் என்ற தொழில் பதிவு வைத்திருக்கிற சிறு முதலாளிக்கு இது கையில் கொடுத்த ஆயுதம். நம் மாணவன் இந்தச் சட்டத்தைத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதுகிறான். தெருக்கோடியில் அதே சட்டம் தெரியாமல் ஒருவர் கந்து வட்டி கட்டுகிறார். இருவரும் சந்திப்பதே இல்லை!

அந்த யூனிட்டில் ஆறு மாத பில்களை வரிசைப்படுத்தி, எந்த பில்லுக்கு எத்தனை நாளில் பணம் வந்தது, இடையில் வட்டியாக எவ்வளவு போனது, ஒரு பீஸுக்கு உண்மையான அடக்கம் எவ்வளவு என்று ஒரு மாணவி நாற்பது பக்கம் எழுதினால், அதில் அடக்கவிலைக் கணக்கியல் வருகிறது, நிதி மேலாண்மை வருகிறது, வணிகச் சட்டம் வருகிறது. மூன்று தாள்களின் அறிவு ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வருகிறது. முதலாளிக்கும் பிரயோஜனம். இதற்கு 2 கிரெடிட் போதுமா? நான் 12 கேட்கிறேன். ஒரு செமஸ்டரில் பாதியை அதற்கே கொடுங்கள் என்று கேட்கிறேன்.

"கம்பெனிக்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள்" என்கிறார்கள். பெரிய கம்பெனி விடாது, உண்மை. வாட்ச்மேனிடம் கெஞ்சி ஒரு லெட்டர்பேடும் சீலும் வாங்கி வருவதற்குள் பிள்ளைகள் படுகிற அவமானத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வணிகம் பெரிய கேட்டுக்குப் பின்னால் மட்டும்தான் நடக்கிறதா? ஈரோட்டில் மஞ்சள் மண்டி இல்லையா? நாமக்கல்லில் முட்டைப் பண்ணையும் லாரி புக்கிங் ஆபீஸும் இல்லையா? 1999-இல் தொடங்கிய உழவர் சந்தை நம் ஊர்களில் விடிகாலையிலேயே கூடுகிறதே, அங்கே போய் விலை எப்படி வைக்கிறார்கள் என்று கேட்க எந்த வாட்ச்மேன் தடுப்பான்? மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் பேரேடு உங்கள் அம்மாவிடமே இருக்கிறதே!

2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டது, இனி தரம் உயர்ந்துவிடும் என்கிறார்கள். கட்டடத்தை அளப்பார்கள், கணினியை எண்ணுவார்கள், ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் ஜெராக்ஸ் கடை ரிப்போர்ட்டைத் தில்லியிலிருந்து எவரும் கண்டுபிடிக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆசிரியர் ஒருவர்தான்.

இன்னொன்று. பிள்ளைகள் ஏன் விலைக்கு வாங்குகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுத முடியாத பயம் அது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, "நிறுமம்", "பேரேடு", "தேய்மானம்" என்று தெளிவாகப் படித்து வந்தவளிடமிருந்து, மொழியைக் காரணம் காட்டி அறிவையே பிடுங்கிவிடுகிறோம். ஆங்கில வழிப் படிப்பானாலும் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது மானியக் குழுவே. பிராஜெக்ட்டுக்கும் அதைக் கொண்டு வாருங்கள். முதலாளி தமிழில் பேசுகிறார், தொழிலாளி தமிழில் பேசுகிறார், பில் புத்தகம் பாதி தமிழில் இருக்கிறது. ரிப்போர்ட் தமிழில் இருந்தால் எந்த வானம் இடிந்து விழும்?

ஆசிரியர்களுக்கும் நீதி வேண்டும். ஒருவர் தலையில் முப்பது, நாற்பது மாணவர்களைக் கட்டிவிட்டால் அவர் எத்தனை யூனிட்டுக்குப் போவார்? கௌரவ விரிவுரையாளர்கள் நிரந்தரமில்லாத வேலையில் அச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் "இது போலி" என்று எப்படி எழுதுவார்கள்? வழிகாட்டும் நேரத்தை வகுப்பு நேரமாகக் கணக்கிடுங்கள். போலியைப் போலி என்று எழுதுகிற ஆசிரியரைத் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி மிரட்டாதீர்கள். நிர்வாகங்களிடம் இதை வேண்டுகோளாக வைக்கவில்லை, கோரிக்கையாகவே வைக்கிறேன்.

மாணவர்களே, வருகிற கோடை விடுமுறையில் உங்கள் தெருவில் ஒரு கடைக்கு, ஒரு யூனிட்டுக்கு, ஒரு மண்டிக்குப் போய் உட்காருங்கள். முப்பது நாள் வரவு செலவை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் மேசை மேல் போடுங்கள்.

ஆசிரியர்களே, அந்த நோட்டுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். ஜெராக்ஸ் கடை அட்டை வந்தால், நான் போட்ட கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்.