செயற்கைக் குழாயில் உயிர்ப் படலம்



நெய்த துணிக் குழாயை இரத்த நாளத்திற்கு மாற்றாகப் பொருத்தலாம் என்பதை 1952-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வூரீஸ் தம் குழுவினருடன் எடுத்துக்காட்டினார். அகன்ற நாளங்களுக்கு டாக்ரான் குழாய்கள் நன்கு பயன்படுகின்றன. ஆனால் 6 மில்லிமீட்டருக்கும் குறுகலான குழாய்களில் இரத்தம் உறைந்து அடைப்பு எளிதில் ஏற்படுகிறது. இயற்கை நாளத்தின் உட்புறத்தைப் போர்த்தி உறைவைத் தடுக்கும் எண்டோதீலிய உயிரணுப் படலம் அவற்றில் இல்லாமையே இதற்கு முக்கியக் காரணமாகும்.

அப்படலத்தை நோயாளியின் உயிரணுக்களைக் கொண்டே உண்டாக்கும் முறையை 1978-இல் ஹெர்ரிங் வெளியிட்டார். ஆயினும், தூவப்பட்ட அணுக்களில் பல இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டன. எனவே 1989 முதல் வியன்னா மருத்துவர்கள், நோயாளியின் சிறு சிரைத் துண்டிலிருந்து அணுக்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, குழாயினுள் முழுமையாகப் படரச் செய்த பின்னரே காலில் பொருத்தினர். படலமிடாத குழாய்களைவிட இவை நெடுங்காலம் அடைபடாதிருந்தன.

எனினும், இதற்கு இரு அறுவைகளும், சில வாரக் காத்திருப்பும், தூய வளர்ப்புக்கூடமும் தேவை. கால் அழுகும் நிலையில் வருபவரால் காத்திருக்க இயலாது. நீரிழிவு மிகுந்த இந்தியாவில், உழைப்பவரின் கால் இழப்பு குடும்பத்தின் வருவாய் இழப்புமாகும். ஆகவே, ஆய்வின் வெற்றியோடு, அது மாவட்ட மருத்துவமனையை எட்டும் வழியையும் சேர்த்தே திட்டமிடுதல் வேண்டும்.