உகரத்தில் தடுக்கும் குழந்தை
(தொடக்கப்பள்ளிக்கான புதிய எழுத்துப் பாடத்திட்டம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு)

தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. ஆகவே ஒன்றாம் வகுப்பைப் பற்றியே பேசுகிறேன்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போனதை மீட்க, 2022 ஜூனில் தமிழ்நாட்டில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் திட்டம். அதற்கு முன் செயல்வழிக் கற்றலின் அட்டைகளையும் ஏணிப்படிகளையும் பார்த்தோம். திட்டம் மாறும்போதெல்லாம் நம்மிடையே ஒரே வழக்குத்தான் திரும்ப எழுகிறது: உயிர்மெய்யை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது? நண்பர்களில் ஒரு சாரார் க, கா, கி, கீ என்ற வாய்பாட்டை விடமாட்டார்கள். இன்னொரு சாரார் எழுத்தின் வடிவத்தையே மாற்றச் சொல்வார்கள். ‘வரிசை ஒரு பொருட்டா?’ என்று ஒரு கருத்தரங்கில் இரு சாராருமே என்னைக் கேட்டார்கள். அன்று நேரம் முடிந்துவிட்டது. இன்று விடை சொல்கிறேன்.

பழவேற்காடு ஏரியை அடுத்த ஒரு பள்ளியில், படகு வீட்டுப் பிள்ளை ஒருத்தி ‘துடுப்பு’ என்று பலகையில் எழுதினாள். த, ட, ப மூன்றையும் சரியாகவே எழுதியிருந்தாள். ஆனால் மூன்றுக்கும் கீழே ஒரே மாதிரி ஒரு கோட்டை இழுத்திருந்தாள். ‘பு’ மட்டும் சரி. மற்ற இரண்டும் தமிழில் இல்லாத எழுத்துகள். ஆசிரியர் இரண்டையும் அடித்துவிட்டு, ‘பத்து முறை எழுது’ என்றார்.

அந்தப் பலகையை நான் மறக்கவில்லை. அவள் செய்தது கவனக்குறைவு அல்ல. உகரம் என்றால் கீழே ஒரு கோடு என்று தானே ஒரு விதி கண்டு, அதை ஒழுங்காகப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். ஆகார வரிசையில் எல்லா மெய்க்கும் ஒரே கால்தான். 1978-இல் பெரியார் எழுத்துகளை அரசு ஏற்றபோது ணா, றா, னா உள்ளிட்ட 13 எழுத்துகள் சீரானதால் கிடைத்த ஒழுங்கு அது. அதே ஒழுங்கு உகரத்திலும் இருக்கும் என்று அவள் நம்பினாள். இல்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

உகரம் 18 மெய்களோடு மூன்று விதமாகச் சேருகிறது. ஙு, சு, பு, யு, வு ஐந்திலும் கோடு நேரே கீழே இறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழிலும் இறங்கி, மடங்கி, மேலேறும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறிலும் வலப்பக்கமாக வளையும். துடுப்பு என்ற ஒரே சொல்லில் இந்த மூன்று குடும்பமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பிள்ளை தடுக்கி விழுந்தது மூன்றும் சந்திக்கும் இடத்தில்!

இப்போது வாய்பாட்டு நண்பர்களைக் கேட்கிறேன். உகரத்தின் நெடிலான ஊகாரத்தில், உங்கள் வரிசைப்படி பிள்ளை முதலில் காணும் எழுத்து எது? கூ. மற்ற 17-இல் எதோடும் சேராத வடிவம் அது. விதிவிலக்கை வாசலில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை விதி தேடச் சொல்கிறோம். பிறகு 18 எழுத்தையும் மனப்பாடம் செய்வதைத் தவிர அதற்கு வேறு வழி ஏது?

சீர்திருத்த நண்பர்களுக்கும் ஒரு சொல். இ, ஈ, உ, ஊ வரிசைகளுக்குச் சீரான குறி வேண்டும் என்றார் வா.செ. குழந்தைசாமி. அவர் கண்ட இடர் உண்மையானது. அதைக் கண்டு சொன்னதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் 18 வடிவங்களுக்குள் மூன்றே வழிகள்தாம் இருக்கின்றன என்றால், மாற்ற வேண்டியது எழுத்தையா, பாடத்தையா? பாடத்தை என்கிறேன்.

எங்கே தொடங்குவது என்பதை நம் இலக்கணமே காட்டுகிறது. குற்றியலுகரம் ஏறி வருவது ஆறு வல்லெழுத்துகளில்: கு, சு, டு, து, பு, று. இவை குடும்பத்துக்கு இரண்டாகப் பிரிகின்றன. காசு, பாம்பு முதல் வாரம். பந்து, ஆறு அடுத்த வாரம். நாக்கு, வீடு அதற்கடுத்து. எல்லாம் பிள்ளை வீட்டில் புழங்கும் சொற்கள். ஆறு எழுத்து கைக்கு வந்தால், மற்ற 12 எழுத்தும் தத்தம் குடும்பத்தில் போய்ச் சேரும். மூன்று குடும்பமும் வந்தபின் துடுப்பைக் கொடுங்கள். ‘கூ’வைக் கடைசியில், தனியாள் என்று சொல்லியே கொடுங்கள்.

எழுதுவதில் பிள்ளை ஏன் உகரத்தை விட்டுவிடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். குற்றியலுகரம் அரை மாத்திரைதான். ‘பந்து’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவிவதில்லை. ‘புலி’யில் கேட்கிற உகரம் அங்கே கேட்பதில்லை. காதில் விழாததைக் கை எப்படி எழுதும்? ஆகவே சொல்லின் முதலில் வரும் உகரத்தையும் ஈற்றில் வரும் உகரத்தையும் வேறு வேறு பாடமாக வைக்க வேண்டும்.

நேரம் குறைவு, மற்றவற்றைத் தொட்டுச் செல்கிறேன். எகர, ஒகர வரிசைகளில் கொம்பு முன்னே நிற்கிறது, ஒலி பின்னே வருகிறது. ‘கொ’வைப் பிள்ளையின் கண் எந்தப் பக்கமிருந்து படிக்கிறது என்று யாராவது வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பம்பரத்தில் இரண்டு பகரத்துக்கும் ஒலி வேறு. ஆங்கில முறையில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று அட்டை அச்சடிப்பவர்கள் இதற்கு என்ன செய்யப் போகிறார்கள்?

‘படிச்சேன்’ என்று பேசுகிற பிள்ளை ‘படித்தேன்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. இதைப் பற்றித் தனி நூலே வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி நிறுவன மாணவர்கள் தலைக்கு ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு, ஓராண்டுக்குப் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே ஒரு நோட்டில் படியெடுத்து வைக்கட்டும். முதல் நோட்டுக்கு அந்தப் பழவேற்காட்டுப் பலகையின் படி என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தருகிறேன்.