கொல்லைக்கு வரும் ஓணான்



மேட்டுப்பாளையத்தில் எங்கள் கொல்லை முருங்கைக்கு நாள்தோறும் ஓர் ஓணான் வருகிறது. இராமனுக்குச் சிறுநீர் தந்தது என்னும் கதையை நம்பி அதன்மேல் கல்லெறியும் சிறுவர் உண்டு. நானும் இளமையில் எறிந்தவளே.

1802இல் பிரெஞ்சு அறிஞர் தொதேன், நிறம் மாறுவது என்னும் பொருளில் இதற்கு இலத்தீன் பெயரிட்டார். அதற்கு நெடுங்காலம் முன்பே அள்ளூர் நன்முல்லையார், குறுந்தொகையின் 140ஆம் பாடலில், இதன் முதுகைக் கருக்கரிவாளாகக் கண்டார். வழிச்செல்வோர் நிமித்தம் பார்த்த உயிரிடத்தே புலவர் வடிவத்தைப் பார்த்தார்.

பல நாள் நான் அசையாது நின்ற பின்னரே ஓணான் ஓடுவதை நிறுத்தியது. இன்று நாலடித் தொலைவில் தலையசைக்கிறது. அது வணக்கமன்று, தன் எல்லையைக் காக்கும் எச்சரிக்கை. அதை அறிந்து அப்பால் நிற்பதே எங்கள் நட்பு.

பத்தாண்டு கண்ட நம் வட்டம் அப்பாடலைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கையிலுள்ள கல் தானே நழுவும்.